நிலைக்கு மேல் வைத்த சாவி

போன வருடம் கோடையில், தர்மபுரியில் ஒரு ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்கு பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். பெரிய கோளாறு ஒன்றுமில்லை. ரோலருக்குள் ஒரு ஸ்டேப்ளர் பின் சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, திரையில் ஏற்கெனவே திறந்திருந்த எக்செல் தாளையே சோதனைக்கு ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன்.

வந்த பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். முதல் கட்டத்தில் பெயர், அடுத்ததில் ஊர்: பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், பென்னாகரம். பிறகு நோய், மாத்திரை, பெங்களூரில் இருக்கும் மகனின் போன் நம்பர். இதெல்லாம் இருக்க வேண்டியவைதான். அதற்குப் பக்கத்தில் ‘தனியாக இருக்கும் நேரம்’ என்று ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘சாவி’. அதற்குக் கீழே வரிசையாக: நிலைக்கு மேல். எதிர்வீட்டு அக்காவிடம். துளசி மாடத்துக்குப் பின்னால். மீட்டர் பெட்டிக்குள்.

“இது எத்தனை பேருக்குப் போகுதுங்க மேடம்?”

“நம்ம பொண்ணுங்களுக்கு மட்டும்தான் சார். ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டதும் போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுவோம்.”

குரூப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். 63 பேர் இருந்தார்கள். அன்றைக்கு அங்கே வேலையில் இருந்த பெண்கள் 22 பேர். மற்றவர்கள் வேலையை விட்டவர்கள், ஒரு வாரம் மட்டும் வந்து போனவர்கள், யாரென்றே அந்த அம்மாவுக்கு நினைவில்லாதவர்கள்.

சைபர் தாக்குதல் என்றதும் நம் மனதில் வருவது வங்கி, விமான நிலையம், டெல்லி எய்ம்ஸ். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அலுவலகத்தில் திருட என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தது. எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, நடக்க முடியாத ஒருவர் தனியாக இருக்கிறார், கதவை எப்படித் திறப்பது என்ற தகவல் வங்கிக் கணக்கு எண்ணைவிட ஆபத்தானது. கணக்கு எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் முழங்காலை மாற்ற முடியாது.

நம் பக்கத்தில் இந்தத் தொழில் வளர்ந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரு சில்க் போர்டில் நின்று பார்த்தால் போதும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிற அத்தனை பேருக்கும் ஊரில் ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். வாரம் ஐந்து நாள் அவர்களை யார் பார்ப்பது? கூட்டுக் குடும்பம் இருந்த இடத்தில் ஒரு அட்டெண்டர், ஒரு பிசியோதெரபிஸ்ட், இல்லாவிட்டால் முதியோர் இல்லம். வீடு தேடிப் போய் மருத்துவம் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டமே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அது அரசு எந்திரம். நான் சொல்வது, ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், மூன்று செல்போன் வைத்து நடக்கும் தனியார் அமைப்புகளை. அவற்றுக்கென்று கணினி ஆள் யாரும் கிடையாது. என்னைப் போல, பிரிண்டர் நின்றால் வருகிறவன்தான் இருக்கிறான்.

பிரிட்டனில் நடந்த ஒரு சம்பவம் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அட்வான்ஸ்டு என்ற நிறுவனம் அங்கே மருத்துவமனைகளுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் மென்பொருள் கொடுக்கிறது. 2022 ஆகஸ்டில் அதன் கணினிகளை ரான்சம்வேர் கும்பல் பூட்டியது. ரான்சம்வேர் என்பது கோப்புகளையெல்லாம் திறக்க முடியாதபடி குழப்பிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கிற மென்பொருள். அவசர ஆலோசனைக்கு மக்கள் கூப்பிடும் 111 சேவை தடுமாறியது. நோயாளிகளின் விவரத்தைப் பார்க்க முடியாமல் ஊழியர்கள் பேனாவையும் நோட்டையும் எடுத்தார்கள். பின்னர் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து, 2025 மார்ச்சில் 30.7 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. களவு போனது 79,404 பேரின் விவரம். அதற்குள் ஒரு சின்ன எண் இருக்கிறது: 890. வீட்டிலேயே பராமரிப்பு பெற்றுவந்த 890 பேரின் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்ற குறிப்பு.

தர்மபுரியில் நான் அடித்த பக்கத்தின் கடைசிக் கட்டம்தான் அது. ஊர் வேறு, மொழி வேறு, தொழிலின் உள்விஷயம் ஒன்றுதான். பராமரிக்கப் போகிறவருக்குச் சாவி தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் அது எங்கேயாவது எழுதப்படும்.

அட்வான்ஸ்டின் கணினிகளுக்குள் அந்தக் கும்பல் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு வழியாக. அந்தக் கணக்குக்குப் பாஸ்வேர்டு மட்டும்தான் இருந்தது, ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு இல்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுப் பணப் பட்டுவாடாவைப் பெருமளவு முடக்கிய சேஞ்ச் ஹெல்த்கேர் தாக்குதலிலும் கதை இதேதான். தொலைவிலிருந்து உள்ளே வருவதற்கான ஒரு வாசல், திருட்டுப் பாஸ்வேர்டு, இரண்டாவது பூட்டு இல்லை. சினிமாவில் வருவது போல யாரும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. திறந்த வீட்டுக்குள் நடந்து வந்தார்கள்.

உள்ளே வந்தவன் என்ன செய்வான்? பூட்டிவிட்டுப் பணம் கேட்பது பழைய வழி. எடுத்துக்கொண்டு போய், வெளியிடுவேன் என்று மிரட்டுவது அதற்கு அடுத்தது. இதில் மனதை மிகவும் உறுத்துவது பின்லாந்தில் நடந்தது. வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனத்தின் குறிப்புகளைத் திருடியவன் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டான். படியவில்லை. 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் போட்டான்: 200 யூரோ கட்டு, இல்லாவிட்டால் நீ ஆலோசகரிடம் சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரியும். அந்த நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. மருந்துக்கடை பில் கசிவதும் இதுவும் ஒன்றல்ல. யாருக்குப் படுக்கையில் சிறுநீர் போகிறது, யார் மருமகள் மேல் என்ன குறை சொல்லி அழுதார், எந்த மகன் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை, இதெல்லாம் ஒரு முதியோர் இல்லத்தின் நோட்டில் இருக்கும். சின்ன ஊரில் அது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழிதான் நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். உங்களைப் போலவே பேசுவது.

ஒரு கற்பனை. இரவு 11 மணி. எலக்ட்ரானிக் சிட்டியில் ஷிப்டில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப் வருகிறது. ஏஜென்சியின் அதே நம்பர், அதே டிபி. ‘சார், அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. ஓசூர் கூட்டிட்டுப் போயிட்டு இருக்கோம். அட்வான்ஸ் 25,000 கேக்கறாங்க. இந்த நம்பருக்கு உடனே போடுங்க. சுகர் மாத்திரை இன்னிக்கு ராத்திரி குடுக்கல.’ மாத்திரை விவரம்கூடச் சரியாக இருக்கிறது. எந்த மகன் போடாமல் இருப்பான்? போட்டுவிட்டுத்தான் அதே வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். யாரும் எடுக்க மாட்டார்கள். ஏனென்றால் அந்த வாட்ஸ்அப் இப்போது ஏஜென்சியிடம் இல்லை.

இதற்குச் சர்வரை உடைக்க வேண்டாம். ஒரு செல்போனில் ஒரு ஏபிகே கோப்பு இறங்கினால் போதும். ஏபிகே என்பது பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆண்ட்ராய்டு போனில் ஏற்றும் செயலி. கல்யாண அழைப்பிதழ், ஆர்டிஓ அபராதச் சலான், பிஎம் கிசான் என்ற பெயர்களிலெல்லாம் இது நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறது. திறந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வருகிற ஓடிபி அத்தனையும் இன்னொருவனுக்கும் போகும். அந்த ஓடிபியை வைத்து அவன் தன் போனில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்துகொள்வான். பிறகு அதே கோப்பை உங்கள் பெயரிலேயே உங்கள் ஆட்களுக்கு அனுப்புவான். 63 பேர் உள்ள குரூப்பில் ஒருவர் திறந்தால் போதும் என்பது அவன் கணக்கு.

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குள் போனால் ஆறு இலக்க எண் ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாம். புதிய போனில் கணக்கைத் திறக்கும்போது ஓடிபியோடு இந்த எண்ணையும் கேட்கும். திருடனுக்கு ஓடிபி கிடைக்கலாம், இந்த எண் கிடைக்காது. ஒரு நிமிட வேலை, செலவு இல்லை. என்னை யாராவது, ‘ஒரே ஒரு காரியம்தான் செய்வேன், எதைச் செய்ய?’ என்று கேட்டால் ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். அடுத்தது ஏஜென்சியின் ஜிமெயில். பேக்கப், போன் கான்டாக்ட், வங்கி மெயில் எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான் தொங்குகின்றன. அதற்கும் இரண்டாவது பூட்டு வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது அதில் உட்கார்ந்திருக்கிறதா என்று அங்கேயே தெரியும்.

நடைமுறையில் இது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். பல இடங்களில் அலுவலக சிம் யார் பெயரில் இருக்கிறது என்றே தெரிவதில்லை. எப்போதோ வேலை பார்த்த மேனேஜர் தன் ஆதாரைக் கொடுத்து வாங்கியிருப்பார். அவர் இப்போது ஓசூரில் வேறு வேலை. நாளைக்கே அவர் கடைக்குப் போய் டூப்ளிகேட் சிம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், சட்டப்படி சிம் அவருடையது. இரண்டாவது பூட்டு போடுவதற்கு முன் கதவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கல், ஓடிபி முதலாளியின் போனுக்கு வரும், அவர் கல்யாண வீட்டில் இருப்பார், பகல் டூட்டியில் இருக்கும் பெண் உள்ளே போக முடியாமல் தவிப்பார். இரண்டாவது வாரமே பூட்டைக் கழற்றிவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு. வேலையை விட்டால் அன்று மாலையே அந்தக் கணக்கை மூடிவிடலாம். சீருடையைத் திரும்ப வாங்க மறப்பதில்லையே.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். இங்கே என் தொழில்காரர்களைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. பில்லிங் மென்பொருள் கொடுத்தவர் சேலத்திலோ பெங்களூரிலோ இருப்பார். கோளாறு வந்தால் தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருள் வழியாக உள்ளே வந்து சரிசெய்வார். நல்ல வசதிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக் காத்திருக்கச் சோம்பல்பட்டு, எப்போது வேண்டுமானாலும் நுழையும்படி நிரந்தரப் பாஸ்வேர்டு போட்டு வைப்பார். அந்தப் பாஸ்வேர்டு எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒன்றாகவே இருக்கும். மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கரில் எழுதியும் ஒட்டியிருப்பார்கள். அவரிடம் வேலை பார்த்து நின்ற பையனுக்கு எத்தனை மருத்துவமனைகளின் கதவு திறக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அட்வான்ஸ்டிலும் சேஞ்ச் ஹெல்த்கேரிலும் திருடர்கள் வந்த வாசல் இந்த வகைதான். கூப்பிடும்போது மட்டும் எனிடெஸ்கைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடச் சொன்னால் வெண்டர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பழைய விண்டோஸ் இன்னொரு ஓட்டை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே சுற்றியபோது இங்கிலாந்தில் டிரஸ்ட் எனப்படும் 236 அரசு மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. அந்த ஓட்டையை அடைக்கும் பாதுகாப்பு ஒட்டு ஒன்றை (பேட்ச்) மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஒட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. நான் போகிற இடங்களில் பாதிக்கு மேல் இன்னும் அதுதான் ஓடுகிறது. சில இடங்களில் விண்டோஸ் 7. “ஓடுதுங்களே சார்” என்பார்கள். ஓடும்தான்.

சிசிடிவி பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். முதியோர் இல்லங்களில் கேமரா ஒரு விற்பனை வாசகமாகவே ஆகிவிட்டது. ‘உங்க அப்பாவை உங்க போன்லயே பார்க்கலாம்.’ துபாயில் இருக்கும் மகளுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் கேமராவும் இணையத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும், காட்சிகளைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்தது. எப்படி? தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் ‘அட்மின்’, ‘1234’ போன்ற அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில், பெண்களைப் பரிசோதிக்கும் இடத்தின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்து கைது நடவடிக்கை வரை போனது. படுக்கையிலேயே துடைத்துவிடப்படும், உடை மாற்றிவிடப்படும் ஒரு பெரியவரின் அறையிலும் அதே கேமராதான் தொங்குகிறது. பாஸ்வேர்டை மாற்றுவது இருக்கட்டும், அந்த இடத்தில் கேமரா வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். ஹாலில் வைக்கலாம், வராந்தாவில் வைக்கலாம், கேட்டில் வைக்கலாம். உடை மாற்றும் கட்டிலுக்கு நேரே வேண்டாம். மகள் கேட்டாலும் வேண்டாம்.

இன்னொன்று, அந்தக் கேமரா, விருந்தாளிகளின் வைஃபை, ஹாலில் சீரியல் ஓடும் டிவி, நோயாளிகளின் விவரம் இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே ரவுட்டரில் கோர்த்திருக்கும். ஒன்றுக்குள் வந்தவன் எல்லாவற்றுக்குள்ளும் வரலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் முடங்கியதற்கு நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன காரணமே நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்பதுதான். எய்ம்ஸுக்கே அந்தக் கதி. நம் வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒரு வசதி இருக்கிறது. டிவி, விருந்தாளி, கேமரா எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிட்டு, பில்லிங் கம்ப்யூட்டரைத் தனியாக வைக்கலாம். அரை மணி நேர வேலை. அதற்கு என்னைப் போன்றவர்கள் 300 ரூபாய் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

எய்ம்ஸ் பற்றிச் சொன்னதால் அதன் மறுபாதியையும் சொல்கிறேன். ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. இரண்டு வாரத்துக்குக் கிட்டத்தட்ட எல்லாம் கையெழுத்தில் நடந்தன. பிறகு விவரங்கள் திரும்பி வந்தன, ஏனென்றால் ஒரு பேக்கப் சர்வர் தாக்குதலில் சிக்காமல் தப்பியிருந்தது. பேக்கப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் ஆட்கள் ஒரு பென்டிரைவைக் காட்டுவார்கள். அது வருடம் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கும். ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போலத்தான். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று என்று மாற்றி எடுத்து, எடுத்ததும் கழற்றி, ஒன்றை முதலாளி வீட்டு பீரோவில் வைப்பது போதும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் எட்டு மாதமாக, தவறாமல், ஒரு காலி ஃபோல்டரைப் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்வதில்லை.

பராமரிப்பில் பேக்கப்பைவிட அவசரமான ஒன்று உண்டு. துணிக்கடையில் கம்ப்யூட்டர் நின்றால் வியாபாரம் நிற்கும், மாலையில் பார்த்துக்கொள்ளலாம். இங்கே காலை ஏழரைக்கு இன்சுலின் எத்தனை யூனிட் என்று தெரிய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் யார், எந்தப் பாட்டிக்குக் களியைக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும், கட்டியாகக் கொடுத்தால் புரை ஏறும் என்பதெல்லாம் அன்று காலையே தெரிய வேண்டும். எல்லாவற்றையும் செயலிக்குள் போட்டுவிட்டு காகிதத்தை ஒழித்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிற இடங்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் மறுநாள் மருந்துப் பட்டியலை ஒரு தாளில் அடித்து, நர்ஸ் மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கலாம். மறுநாள் புதியது வந்ததும் பழையதைக் கிழித்துவிடலாம். தாக்குதல் வராவிட்டாலும் கரண்ட் போகும் ஊர்தானே இது.

ஒருநாள் காலை திரையில், பணம் கட்டச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கை தானாக ஷட்டவுன் பக்கம் போகும். சர்வீஸ் தம்பி வந்தால் ஃபார்மட் அடிக்கலாம் என்பார், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். இரண்டும் வேண்டாம். நெட் வயரை மட்டும் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், மற்ற கம்ப்யூட்டர்களையும் அப்படியே பிரியுங்கள். திரையைச் செல்போனில் படம் எடுங்கள். எந்த வகை ரான்சம்வேர் என்று அதிலிருந்துதான் தெரியும். சில பழைய வகைகளுக்கு யூரோப்போலும் நெதர்லாந்து போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவசமாகவே திறவுகோல் கிடைக்கிறது. ஃபார்மட் அடித்தவருக்கு அதற்கும் வழியில்லை.

பணம் போயிருந்தால், உங்களுடையதோ ஏமாந்த மகனுடையதோ, உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாளை காலை என்பது தாமதம். புகாரை தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். அது தவிர, 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவுப்படி இப்படியான சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த உத்தரவு நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதே இங்கே பெரும்பாலோருக்குத் தெரியாது.

பணம் கட்டலாமா? என் பதில் வேண்டாம் என்பது, அறிவுரைக்காகச் சொல்லவில்லை. சேஞ்ச் ஹெல்த்கேர் 2.2 கோடி டாலர் கட்டியது. கட்டிய பிறகு திருடர்களுக்குள்ளேயே பங்குத் தகராறு வந்து, அதே தகவலை வைத்துக்கொண்டு இன்னொரு கும்பல் மறுபடி மிரட்டியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ரசீது கிடைக்கவில்லை.

போலீசுக்குச் சொல்வதைவிடக் கஷ்டமானது குடும்பங்களுக்குச் சொல்வது. பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கத்தான் தோன்றும். ஆனால் வாட்ஸ்அப் கைமாறிய அந்த இரவில், அடுத்த மகனுக்கு மெசேஜ் போவதற்குள் யாராவது வேறொரு போனிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டாக வேண்டும். அந்த நம்பர் பட்டியல் காகிதத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதைவிட நல்லது, சேர்க்கும் நாளிலேயே குடும்பத்தாரிடம் ஒன்று சொல்லிவிடுவது: ‘நாங்க வாட்ஸ்அப்ல பணம் கேக்க மாட்டோம். கேட்டா கூப்பிட்டுப் பேசுங்க, அம்மாவைப் பேச வைக்கச் சொல்லுங்க.’ என் பார்வையில் எந்த மென்பொருளையும்விட இந்த இரண்டு வாக்கியம் அதிகம் காப்பாற்றும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தகவலைக் காக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்த எண்ணைக் காட்டி மென்பொருள் விற்க வருவார்கள், பயந்து வாங்க வேண்டாம். அது உச்சவரம்புதான். சட்டத்தில் கவனிக்க வேண்டியது வேறு. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நீங்களே தெரிவிக்க வேண்டும், தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டும்.

அழிப்பதுதான் நம்மால் முடியாதது. இறந்துபோனவர்களின் ஆதார் நகல், நான்கு வருடம் முன்பு வேலையை விட்ட பெண்ணின் வங்கிப் பாஸ்புக், ஸ்கேன், எக்ஸ்ரே, மருமகளின் பான் கார்டு எல்லாம் ‘பழசு’ என்ற ஃபோல்டரில் கிடக்கும். எதற்கு என்றால், ‘இருக்கட்டும் சார், எப்பவாவது தேவைப்படும்.’ வரவு செலவுக் கணக்குக்கும் வரிக்கும் வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், மருத்துவப் பதிவுகளைச் சட்டம் சொல்லும் காலம் வரை வைக்கத்தான் வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் வீட்டில் நீங்கள் காவல் காக்கும் அடுத்தவர் நகை. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரம் இணையத்தில் விலைக்கு வந்தபோது, அதில் இருந்தவை 2007-லிருந்து 2011 வரையிலான பதிவுகள் என்று செய்தி வந்தது. பத்து வருடத்துக்கு மேல் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தர்மபுரி ஏஜென்சிக்கு அப்புறம் மூன்று முறை போயிருக்கிறேன். எக்செல் தாளில் ‘சாவி’ என்ற கட்டம் இப்போது இல்லை. எந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போகிறாரோ அவரிடம் மட்டும், முதல் நாள், வாய்வழியாகச் சொல்கிறார்கள். பெயருக்குப் பதில் எண் போடுகிறார்கள். கே 14, பி 7. ஊர்ப் பெயரின் முதலெழுத்து என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம்தான், ஆனாலும் முன்பிருந்ததற்குப் பரவாயில்லை. புதிதாக ஒரு குரூப் தொடங்கி 22 பேரை மட்டும் சேர்த்திருக்கிறார்கள்.

“பழைய குரூப் என்னாச்சுங்க மேடம்?”

“அதை அழிக்கல சார். பொண்ணுங்களோட கல்யாணப் போட்டோ, பொறந்தநாளுன்னு எல்லாம் அதுலதான் இருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். மேலே தள்ளிக்கொண்டே போனால், பொங்கல் கோலத்துக்கும் யாரோ ஒருவர் குழந்தையின் மொட்டைத்தலைப் படத்துக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்ட அந்தப் பட்டியல்கள் வரிசையாக அப்படியே இருந்தன. அந்த அம்மாவும் நானும் உட்கார்ந்து அன்றைக்கு மத்தியானம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டோம். சாவியை வேறு இடத்தில் வைக்கச் சொல்லி.